பிரேக் பைப் மாற்றியது

பல் டாக்டர் ஃபோனை எடுக்கவில்லை. கயிறு சார் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு ஒன்பதாவது முறை அழைத்தார், பத்தாவது முறை அழைத்தார். பதினோராவது முறை மணியே அடிக்கவில்லை. ஆள் நம்பரைத் தடுத்துவிட்டான். மூன்று நாலு வாரத்துக்கு முன்னால் இதே நம்பரிலிருந்துதான், வாங்க சார், வண்டியைப் பாருங்க சார், ஓட்டிப் பாருங்க சார், ஒண்ணும் அவசரமில்ல சார் என்று மூச்சுக்கு மூச்சு ஒரு சார் வந்துகொண்டிருந்தது.

உள்ளே மகளுக்கு மாவுக்கட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. கொடுமை என்னவென்றால், அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியே அதுதான். எக்ஸ்ரே பிரிவில் சேர்ந்து மூன்று வாரம்கூட முழுசாக ஆகவில்லை. இன்னும் பெயர்கூடச் சரியாகத் தெரியாத சக ஊழியர்கள், அவளுடைய கையையே மேஜைமேல் வைத்துப் படம் எடுத்துக் கொடுத்தார்கள்.

காலை ஆறு மணி ஷிஃப்ட். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது என்பதால்தான் கார் வாங்கியதே. சிக்னல் கண்ணுக்குத் தெரிந்ததும் பிரேக்கை மிதித்திருக்கிறாள். மிதி அப்படியே தரையோடு தரையாகப் போய்விட்டது. எதிரே சாலையைக் கடக்க ஐந்தாறு பேர் இறங்கியிருந்தார்கள். ஸ்டியரிங்கை ஒடித்து, ஒரு கிடங்கின் சுவரில் கொண்டுபோய் மோதி நிறுத்தினாள். அந்த அரை நொடியில் அவளுக்கு அப்படித் தோன்றியதே, அதற்காக அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் கயிறு சாருக்கு அப்போது கும்பிடத் தோன்றவில்லை. யாரையாவது அடிக்கத்தான் தோன்றியது.

கயிறு சார் என்பது அவருக்கு வேலையிடத்தில் வைத்த பெயர். லிஃப்ட் இன்ஸ்பெக்டர். கட்டடம் கட்டடமாகப் போய், இந்த லிஃப்ட் ஓடலாம், இந்த லிஃப்ட் ஓடக்கூடாது என்று எழுதிக் கொடுக்கிற வேலை. எந்த வாசலில் நுழைந்தாலும் வணக்கத்துக்கு முன்னால், "முதல்ல கயிறக் காட்டுங்க" என்பார். லிஃப்ட்டைத் தூக்குகிற இரும்புக் கயிறு. அதைத் தொட்டுப் பார்த்த பிறகு பதிவேட்டைக் கேட்பார். மாதாமாதம் என்ன பழுது பார்த்தார்கள், யார் கையெழுத்து போட்டார்கள் என்று ஒரு வரி விடாமல் படிப்பார். அவரிடம் கதை விடலாம் என்று வந்த கட்டடச் சொந்தக்காரர்கள் எத்தனையோ பேர் வாயடைத்துத் திரும்பியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட மனிதர் காதில் ஒரு பல் டாக்டர் பூச்சுற்றிவிட்டுப் போனான் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

மறுநாள் மெக்கானிக் காரை மேலே தூக்கி நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிட்டனுப்பினார். அதிகம் பேசாத மனிதர். அடியில் போகிற மெல்லிய பிரேக் பைப்பை ஸ்க்ரூடிரைவரால் லேசாகச் சுரண்டிக் காட்டினார். கறுப்புப் பெயிண்ட் பட்டை பட்டையாக உரிந்தது. உள்ளே துரு. இன்னும் கொஞ்சம் அழுத்தினதும் பைப் பொலபொலவென்று கையோடு வந்தது.

"மாத்தினதே இல்ல சார். கம்பெனிலேர்ந்து வந்த பைப்புதான் இது. விக்கிறதுக்கு முன்னாடி மேல பெயிண்ட் அடிச்சிருக்காங்க."

கயிறு சார் பையிலிருந்து காரின் சர்வீஸ் புத்தகத்தை எடுத்தார். போன வருஷத் தேதி போட்டு, ஒரு ஒர்க்‌ஷாப் முத்திரையோடு, அழகான எழுத்தில் இருந்தது: பிரேக் பைப் நான்கும் மாற்றியது. மெக்கானிக் அதைப் படித்தார். அந்த ஒர்க்‌ஷாப்பை மூடி மூன்று வருஷமாகிறது என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

கயிறு சார் அங்கிருந்து நேராகப் பல் ஆஸ்பத்திரிக்குப் போனார். கன்னத்தைப் பிடித்தபடி நாலு பேர் காத்திருந்தார்கள். வரவேற்பில் இருந்த பெண் டோக்கன் வாங்கிக்கொள்ளச் சொன்னதும் அவருக்கு உச்சந்தலையில் ஏறியது. உன் டாக்டர் என் பெண்ணைக் கொல்லப் பார்த்தான், அதற்கும் டோக்கன் உண்டா என்று கத்தினார். கன்னத்தைப் பிடித்திருந்தவர்கள் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

டாக்டர் வெளியே வந்தான். வெள்ளைக் கோட்டு, முகமூடி, மெதுவான குரல். அவரை ஒரு பக்கமாக அழைத்துப்போய், இரும்பு அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். காரை உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன், பின்னால் எந்தப் புகாரும் சொல்ல மாட்டேன் என்று எழுதி, கீழே கயிறு சாரின் கையெழுத்து. தான் என்ன கார்க் கடையா வைத்திருக்கிறேன் என்று கேட்டான். புத்தகம் தனக்கு முன்னால் வைத்திருந்தவர் கொடுத்தது, அதில் என்ன இருக்கிறதென்று தான் பார்த்ததே இல்லை என்றான். பெண்ணுக்கு அடிபட்டதற்கு வருத்தமாம். அதையும் சொன்னான். பிறகு முகமூடியைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு, தாழ்ந்த குரலில் ஒன்று சொன்னான்.

"நீங்கதானே சார் எல்லாத்தையும் பாத்தீங்க. புக்கையும் பாத்தீங்க."

கயிறு சார் திரும்பி நடந்தார். கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்துவிட்டார்.

ஏன் பதில் சொல்லாமல் வந்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. கார் பார்க்கப் போன அன்றைக்கு அவர் அந்தப் புத்தகத்தைப் படித்தார். பழக்கதோஷம், படிக்காமல் இருக்க முடியாது. எட்டு வருஷத்துப் பதிவுகள், இருபதுக்கு மேற்பட்ட தேதிகள். எல்லாம் ஒரே கை, ஒரே நீல மை, ஒரே அழுத்தம். ஒரே உட்காரலில் எழுதி முடித்த புத்தகம் அது. லிஃப்ட் பதிவேடு அப்படி இருந்திருந்தால் எழுதினவன் முகத்தில் விட்டெறிந்திருப்பார். அன்றைக்கு என்ன செய்தார் தெரியுமா? புத்தகத்தை டாக்டர் பக்கம் திருப்பி, பக்கத்தின் மேல் விரலை வைத்தார்.

"எல்லாம் ஒரே கையா இருக்கே."

டாக்டர் புத்தகத்தை மூடினான். கேட்காமலே விலையைக் குறைத்தான், கொஞ்சநஞ்சமல்ல. கயிறு சாருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. திருட்டைக் கண்டுபிடித்ததையே பேரம் ஆக்கிக்கொண்டோம் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார். எண்ணெய் மாற்றாததை மாற்றியதாக எழுதியிருப்பான், வேறென்ன பெரிசாக இருக்கப்போகிறது என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஓட்டிப் பார்த்தபோது பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. மகள் வேலையில் சேர நாலு நாள்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து குறைத்த விலையைப் பற்றிப் பீற்றிக்கொண்டார். ஏன் குறைத்தான் என்று மனைவி கேட்டதற்கு, "பேசற விதத்துல பேசணும்" என்றார். ஒரே கை விஷயம் அவர் வாயிலிருந்து வெளியே வரவில்லை.

இலவசச் சட்ட உதவி மையம் நூலகத்தின் மாடியில் ஒரு சின்ன அறை. வக்கீலம்மா பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து மேஜை நடுவில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். மகளும் வந்திருந்தாள். கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு வாரம் சம்பளமில்லாத விடுப்பு. அதற்குப் பிறகும் மணிக்கட்டு மடங்காவிட்டால், நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கிற அந்த வேலைக்கு அவள் லாயக்கில்லை என்று எழுதிவிடுவார்கள். பயிற்சிக்காலம்தானே, யாரையும் கேட்கவேண்டியதில்லை.

வக்கீலம்மா விஷயத்தைப் புட்டுப் புட்டு வைத்தார். கடையில் வாங்கியிருந்தால் கடைக்காரன் பொறுப்பு. தனி ஆளிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பில் பாதிகூட இல்லை. வாங்குகிறவர்தான் கண்ணைத் திறந்து பார்த்து வாங்கவேண்டும். விற்கிறவன் கேட்காததைச் சொல்லவேண்டிய கட்டாயம்கூட இல்லை. உள்ளது உள்ளபடி என்று கையெழுத்து வேறு போட்டாயிற்று. ஆனால் ஒன்று, அந்தத் தாள் பொய்யைக் காப்பாற்றாது. வாயால் சொன்னாலும் சரி, எழுதிக் கொடுத்தாலும் சரி, பொய்யைச் சொல்லி, அதை நம்பவைத்து விற்றால் மோசடி. பைப் மாற்றியது என்று புத்தகத்தில் இருக்கிறது, பைப் மாற்றவில்லை என்று மெக்கானிக் சொல்கிறார். மெக்கானிக்கிடம் எழுதி வாங்குங்கள், படம் எடுங்கள், அதுவரை காரில் யாரும் கை வைக்கக்கூடாது. முதலில் ஒரு கடிதம், பதினாலு நாள் கெடு. பதில் வராவிட்டால் சிறு வழக்கு மன்றம். அங்கே வக்கீல்கூட வேண்டாம், நாமே பேசலாம். இத்தனையும் சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான் நீங்க நிரூபிக்கணும். அந்தப் புக்க நம்பித்தான் வாங்குனீங்க. பாத்தப்ப எதாவது சந்தேகம் வந்துச்சா சார்?"

"இல்லம்மா" என்றார் கயிறு சார்.

வக்கீலம்மா எழுதிக்கொண்டார். மகள் இடது கையால் ஒரு பிஸ்கட்டை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். அதை வாங்கித் தின்றார் மனுஷன்.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வழக்குப் போட்டார்கள். விசாரணைத் தேதி வருவதற்குள் கயிறு சாரின் கோபம் எங்கெங்கோ பாய்ந்தது. ஒரு அடுக்குமாடியில் ஒன்றுமில்லாத காரணத்துக்கு லிஃப்ட்டை நிறுத்தி, எட்டாவது மாடிக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். வீட்டில் சாப்பாட்டில் உப்பு குறைந்தால் டாக்டர், மழை பெய்தால் டாக்டர். அவனை நடுத்தெருவில் நிறுத்துகிறேனா இல்லையா பார் என்று தினமும் சபதம். ஒரு நாள் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "அவனத் திட்டறப்ப நீங்க ஏன் எங்க மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டாள். அவர் எழுந்து போய்விட்டார்.

மன்றம் என்றதும் உயரமான மேடையும் கறுப்பு அங்கியும் இருக்கும் என்று நினைத்துப் போனார்கள். ஒரு நீள மேஜை, ஆறு நாற்காலி, சுவரில் ஓடாத கடிகாரம், அவ்வளவுதான். நடுவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மெக்கானிக்கின் அறிக்கையைப் படித்தார். உரிந்த பெயிண்டின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வக்கீலம்மா பின்னால் ஒரு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் அதே பாட்டைப் பாடினான். புத்தகம் பழைய சொந்தக்காரர் கொடுத்தது, தான் திறந்ததே இல்லை, எழுதியது யாரென்று தெரியாது. பொய் அப்பட்டமாகத் தெரிந்தது, நடுவரின் உதடே சுழித்தது. கயிறு சாருக்கு ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்தது. அன்றைக்கு இவர் விரல் வைத்துக் காட்டினார் என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவர் வழக்கு முடிந்தது. ஆனால் அதைச் சொன்னால் புத்தகம் பொய் என்று அவனுக்கும் தெரியும் என்றாகிவிடும். அதனால் அவன் சொல்ல மாட்டான். இவரும் சொல்ல மாட்டார். இரண்டு பேரும் மேஜையின் இரண்டு பக்கமும் ஒரே பொய்யை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நடுவர் மகளைக் கேட்டார். காரை நீங்கள் ஒரு தடவையாவது வேறு யாரிடமாவது காட்டிச் சோதித்தீர்களா?

"இல்ல சார். எங்கப்பா பாத்துட்டு சரின்னு சொன்னா, அதுக்கு மேல நாங்க பாக்கறதில்ல. ஊர்ல பாதிப் பேர் அவர் கையெழுத்த நம்பித்தான் லிஃப்ட்ல ஏறுறாங்க. நான் மட்டும் எதுக்கு சந்தேகப்படணும்?"

கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். நடுவர் தலையாட்டிவிட்டுக் கயிறு சார் பக்கம் திரும்பினார். இந்தப் புத்தகத்தில் எழுதியிருப்பது உண்மை என்று நம்பித்தான் வாங்கினீர்களா? ஆமாம் என்று ஒரே ஒரு சொல். பின்னால் வக்கீலம்மா அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தார். டாக்டர்கூடக் காத்திருந்தான்.

"இல்ல" என்றார் கயிறு சார்.

நடுவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"நம்பல சார். பாத்த உடனே தெரிஞ்சிடுச்சு, எல்லாம் ஒரே ஆள் உக்காந்து எழுதினதுன்னு. அத வச்சு வெலையக் கொறச்சேன்."

டாக்டருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பாருங்கள், அவருக்குத் தெரியும், அன்றைக்கே என்னிடம் விரல் வைத்துக் காட்டினார், அதனால்தான் நான் விலையைக் குறைத்தேன் என்று படபடவென்று கொட்டினான். நடுவர் அவன் முடிக்கிறவரை பொறுத்திருந்து, அப்படியானால் திறந்தே பார்க்காத புத்தகத்தை அன்றைக்கே பார்த்திருக்கிறீர்கள் என்றார். டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. கயிறு சார் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும், ஆறு வாரமாக அதற்குத்தானே தவம் கிடந்தார். அவர் பார்க்கவே இல்லை. பக்கத்திலிருந்த மகள் தன் நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்ட சத்தம் மட்டும் கேட்டது.

தீர்ப்பு பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. விற்றவன் செய்தது அயோக்கியத்தனம், அதை அப்படியே பதிவு செய்கிறேன் என்றார் நடுவர். ஆனால் பொய் என்று தெரிந்தே வாங்கினவர், பொய்யால் ஏமாந்தேன் என்று கேட்க முடியாது. மனு தள்ளுபடி. காகிதங்களை அடுக்கிக்கொண்டே மகளைப் பார்த்து, உங்கள் கை விஷயம் வேறு, அதற்கு நீங்கள் தனியாக வரலாம் என்றார்.

வெளியே நடைபாதையில் வக்கீலம்மாவுக்கு முகம் சிவந்திருந்தது. தன்னிடமாவது முதலிலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கயிறு சாரை ஒரு பிடி பிடித்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டார். பிறகு வக்கீலம்மா மகளிடம் திரும்பினார். நீ அந்தப் பேரத்திலேயே இல்லை, புத்தகத்தைப் பார்க்கவில்லை, எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. அடிபட்டதுக்கு நீ நஷ்டஈடு கேட்கலாம் என்றார். யார் மேல் என்று மகள் கேட்டாள்.

"பெயிண்ட் அடிச்சு வித்தவர் மேல. அப்புறம்..." வக்கீலம்மா கொஞ்சம் நிறுத்தினார். "தெரிஞ்சும் வண்டியக் குடுத்தவர் மேல. ரெண்டு பேர் மேலயும் போடலாம். குடும்பம்னு நெறைய பேர் ரெண்டாவது ஆள விட்டுடுவாங்க. அது உன் இஷ்டம்."

வேறொருவர் விசாரணைக்கு வக்கீலம்மாவைக் கூப்பிட்டார்கள், போய்விட்டார். அப்பாவும் மகளும் மர பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அவள் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சேதான் சாவியக் குடுத்தீங்களா?"

"பைப்புன்னு தெரியாதும்மா. புக்கு பொய்னுதான் தெரியும்."

"இதே லிஃப்ட்டா இருந்திருந்தா?"

கேள்வி கேட்டவளுக்கே பதில் தெரியும். ஆனாலும் அவர் வாயால் கேட்காமல் விடமாட்டாள் என்று புரிந்தது.

"பூட்டிச் சாவிய எடுத்துட்டு வந்திருப்பேன்."

அவள் எழுந்து போய்க் கவுன்ட்டரில் ஒரு படிவம் வாங்கிவந்தாள். வலது கையில் கட்டு, எழுத முடியாது. படிவத்தை அவர் மடியில் வைத்தாள். மனுதாரர் என்ற இடத்தில் அவள் பெயரையும் வீட்டு விலாசத்தையும் எழுதினார். எதிர்மனுதாரர் ஒன்று என்ற இடத்தில் பல் டாக்டரின் பெயர், ஆஸ்பத்திரி விலாசம். எழுதி முடித்துத் தாளை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"அடுத்த வரியும் இருக்குப்பா."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் ஒரு துளி விளையாட்டு இல்லை. அந்தக் கோபம் அவருக்கு நன்றாகத் தெரிந்த கோபம்தான். பொய்ப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடச் சொந்தக்காரர்கள் முன்னால் அவர் நிற்கும்போது வருகிற கோபம் அது. எதிர்மனுதாரர் இரண்டு என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். தகப்பன் பெயர், வயது, தொழில் என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். ஒன்றையும் விடவில்லை. நடந்தது என்ன என்ற கட்டத்தில் விரல் வைத்துக் காட்டியதையும், விலை குறைந்ததையும், சாவியைக் கொடுத்ததையும் தேதியோடு எழுதினார். இடமில்லாமல் தாளின் ஓரத்திலும் எழுதவேண்டியிருந்தது. அவள் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

கவுன்ட்டரில் இருந்த குமாஸ்தா படிவத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். விலாசத்தில் விரலை வைத்து, மறுபடி மேலே போய் மறுபடி கீழே வந்தார்.

"மனுதாரருக்கும் ரெண்டாவது பார்ட்டிக்கும் ஒரே விலாசம் போட்டிருக்கே. தப்பா எழுதிட்டீங்களா?"

"தப்பில்ல சார்" என்றாள் மகள். "ஒரே வீடுதான்."

குமாஸ்தா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். ஒரு நகலை அவளிடம் கொடுத்தார். இன்னொன்றை, எதிர்த்தரப்புக்குச் சேரவேண்டியது என்று சொல்லி, அவரிடம் கொடுத்தார். கயிறு சார் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மகள் முன்னாலேயே படியிறங்கி பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.